ஆமைக்குஞ்சு ஆணா, பெண்ணா? தெர்மோஸ்டாட்டைக் கேளுங்க

செல்லப்பிராணிகள் பற்றி நாம் பேசின எபிசோடுக்குப் பிறகு, "வீட்டிலேயே ஆமைக்குஞ்சு பொரிக்க வைக்க முடியுமா?" என்று சிலர் கேட்டிருந்தீங்க. முடியும். ஐரோப்பாவில் நிறைய பேர் வீட்டுத் தோட்டத்திலேயே அதைச் செய்றாங்க. முட்டையைப் பொரிக்க வைக்கிறது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. பொரிந்த பிறகு வருகிற ஐம்பது வருஷம்தான் பெரிய விஷயம். இன்றைக்கு அதைப் பற்றித்தான் சொல்லப் போறேன்.

உதாரணத்துக்கு ஹெர்மன் ஆமையை எடுத்துக்குவோம். ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ், இத்தாலி, அப்புறம் கிரீஸ், பல்கேரியா பக்கம் இயற்கையாக வாழ்கிற சின்ன நில ஆமை இது. நன்றாக வளர்ந்ததுகூட பெரும்பாலும் ஒரு சாண் நீளத்துக்குள்தான் இருக்கும். ஒரு காலத்தில் இந்த மாதிரி ஆமைகளைக் காட்டிலிருந்து பிடித்துப் பெட்டி பெட்டியாக இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பினாங்க. 1984-ல் ஐரோப்பிய நாடுகள் அந்த வணிக இறக்குமதிக்குத் தடை போட்டன. அதற்குப் பிறகுதான் வீட்டில் இனப்பெருக்கம் செய்வது பெரிய அளவில் வளர்ந்தது.

முதல் வேலை, குளிர்கால உறக்கம். இயற்கையில் இந்த ஆமைகள் மண்ணுக்குள் புதைந்து குளிர்காலம் முழுக்கத் தூங்கும். இந்த ஓய்வு இருந்தால்தான் வசந்தத்தில் இனச்சேர்க்கை ஒழுங்காக நடக்கும். வீட்டில் வளர்ப்பவங்க இதற்கு என்ன பண்றாங்க தெரியுமா? ஆமையை ஒரு பெட்டியில் வைத்து ஃப்ரிட்ஜில் வைக்கிறாங்க! சிரிக்காதீங்க, 4 முதல் 6 டிகிரி செல்சியஸ் வரைக்கும் நிலையாக இருக்கிற இடம் வீட்டில் வேறு எது? காற்று மாற அடிக்கடி கதவைத் திறக்கணும், எடை குறைகிறதா என்று பார்க்கணும்.

அடுத்து ஜோடி. "ஒரு ஆண், ஒரு பெண்" என்று விட்டால் பெண்ணுக்கு நரகம். ஆண் ஓட்டால் முட்டும், காலைக் கடிக்கும், துரத்திக்கிட்டே இருக்கும். அதனால் ஒரு ஆணுக்கு மூன்று, நான்கு பெண்களாவது வேணும். இடமும் தாராளமா வேணும். இன்னொரு ஆச்சரியம், பெண் ஆமை விந்தணுவை உடம்புக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆணைப் பிரித்த பிறகும், அடுத்தடுத்த வருஷங்களில்கூட பொரிக்கிற முட்டை இடலாம்.

வசந்தத்தின் கடைசியில் பெண் பின்னங்கால்களால் குழி தோண்டி, ஒரு தடவைக்கு நான்கைந்து முட்டை இடும். அதை எடுக்கும்போது மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறது வழக்கம். ஏன்னா கோழிமுட்டை மாதிரி இதைப் புரட்டக்கூடாது. கரு முட்டையின் மேல்பகுதியில் ஒட்டிக்கொண்ட பிறகு புரட்டினால் செத்துப்போகலாம்.

இப்போ தலைப்புக்கு வர்றேன். நமக்கெல்லாம் ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம் முடிவு செய்யுது. இந்த ஆமைக்கு அதை வெப்பநிலை முடிவு செய்யுது. இன்குபேட்டரில் சுமார் 31.5 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் ஆண், அதற்கு மேலே போனால் பெரும்பாலும் பெண். இரண்டு டிகிரி போதும், ஒரு ஈடு முழுக்க ஒரே பாலாகப் போய்விடும். அதுக்காக ரொம்ப ஏற்றவும் முடியாது. 35-ஐத் தாண்டினால் ஓட்டில் குறைபாடு வரும், கருவே சாகலாம்.

சுமார் இரண்டு மாசத்தில் குஞ்சு முட்டையை உடைக்கும். வெளியே வர ஒன்றிரண்டு நாள்கூட ஆகும், இழுத்து உதவி செய்யக்கூடாது. வயிற்றில் மஞ்சள்கரு பை மிச்சம் இருக்கும், அது உள்ளே போகணும். குஞ்சின் எடை பத்துப் பதினைந்து கிராம்தான். அதற்கு நார்ச்சத்துள்ள களைச்செடிகள், சுண்ணாம்புச் சத்து, புற ஊதா வெளிச்சம், போதுமான ஈரப்பதம் எல்லாம் வேணும். ஈரம் குறைந்தால் ஓடு மேடு மேடாக, பிரமிடு மாதிரி வளர்ந்துவிடும். அப்படி வளர்ந்த ஓட்டைத் திரும்பச் சரியாக்க முடியாது.

சரி, சிக்கல் எங்கே? குஞ்சைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல நாலைந்து வருஷம் ஆகும். அதற்குள் அது வேறு வீட்டுக்குப் போயிருக்கும். பெரியதைக்கூடத் தப்பாகச் சொல்லியிருக்காங்க. பிபிசியின் 'ப்ளூ பீட்டர்' நிகழ்ச்சிக்கு 1963-ல் வந்த ஆமைக்கு 'ஃப்ரெட்' என்று பேர் வைத்தாங்க. அது பெண் என்று தெரிந்த பிறகு 'ஃப்ரீடா' ஆனது! பேரை மாற்றலாம், குணத்தை மாற்ற முடியாது. இரண்டு ஆண் குஞ்சுகளைச் சேர்த்து வாங்கினவர், அவை வளர்ந்து சண்டை போட ஆரம்பித்ததும் ஒன்றுக்கு வேறு வீடு தேடணும். எல்லாருமே பெண் ஆமைதான் கேட்பாங்க. அப்போ அந்த ஆண் எங்கே போகும்? அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி தெர்மோஸ்டாட்டில் யாரோ வைத்த எண்ணின் விளைவு இது.

அதனால் பொறுப்பானவங்க வெப்பநிலையைத் தேதியோடு எழுதி வைக்கிறாங்க, வாங்குபவரிடமும் சொல்றாங்க. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த ஆமையை விற்கணும்னா, வளர்ப்பில் பிறந்தது என்ற சான்றிதழும் வேணும்.

நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புதர்க்காடுகளில் வாழ்கிற நட்சத்திர ஆமையை வைத்து இதை முயற்சி பண்ணாதீங்க. 2022 திருத்தத்துக்குப் பிறகு அது இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. வாங்குவது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். யார் வீட்டிலாவது இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்க. நீங்களே காட்டில் கொண்டுபோய் விடாதீங்க, வீட்டில் வந்த நோயை அங்கே இருக்கிற ஆமைகளுக்குக் கொடுத்துவிடும்.

சட்டப்படி வளர்க்க முடிகிற நாட்டில் இதைக் கேட்கிறவங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. இன்குபேட்டரை ஆன் பண்றதுக்கு முன்னாடி, நமக்குப் பிறகு இந்த ஆமையை யார் பார்த்துப்பாங்க என்று ஒரு பேர் சொல்ல முடியுதா? முடியலைன்னா முட்டையைப் பொரிக்க வைக்காமல் விட்டுவிடுவதும் நல்ல வளர்ப்புதான்.