வாய்க்காலும் களஞ்சியமும்: அட்லஸ் மலையூர்களை அறியும் வழி

மொரோக்கோ நாட்டில், அட்லாண்டிக் கடலோரத்திற்கு அருகில் தொடங்கி வடகிழக்காக நீளும் உயர் அட்லஸ் மலைத்தொடரின் பள்ளத்தாக்குகளில், சரிவின் நிறத்திலிருந்து எளிதில் பிரித்தறிய முடியாதபடி அந்த மலையின் மண்ணாலும் கல்லாலுமே கட்டப்பட்ட சிற்றூர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றில் வாழும் மக்களை வெளியுலகம் பெர்பர் என்று அழைத்துவந்திருக்கிறது. அவர்கள் தங்களை அமாசிக் என்று சொல்லிக்கொள்கின்றனர். ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படைகள் வட ஆப்பிரிக்காவை அடைவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அங்கு வாழ்ந்துவரும் இம்மக்கள், இஸ்லாத்தைத் தழுவிய பின்னும் தம் மொழியைக் கைவிடவில்லை. மேற்கு உயர் அட்லஸில் தஷெல்ஹித் என்றும் நடுப்பகுதியில் தமாசிக்த் என்றும் வழங்கும் அம்மொழிக்கு 2011ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஆட்சிமொழித் தகுதி அளித்தது. 2003இல் அதற்கென ஏற்கப்பட்ட டிஃபினாக் எழுத்தை இன்று பள்ளிப் பாடநூல்களிலும் அரசு அலுவலகங்களின் பெயர்ப்பலகைகளிலும் காணலாம். இவ்வூர்களுக்கு வரும் பயணியரில் பெரும்பாலோர் மலைக்காட்சியையும் தேநீர் உபசாரத்தையும் மட்டும் கண்டு திரும்பிவிடுகின்றனர். ஆனால், நீரையும் புல்லையும் தானியத்தையும் ஊரார் கூடிப் பங்கிட்டுக் காத்துவரும் ஏற்பாட்டை அறியாதவர் அங்குள்ள வாய்க்காலையும் படிவயலையும் பார்த்தும் பாராதவரே ஆவர்.

இம்மலையூர்களுக்கான வாயில்களில் பலரும் தேர்ந்தெடுப்பது இம்லில் ஆகும். மராகேஷ் நகரிலிருந்து தெற்கே, சனிக்கிழமைச் சந்தைக்குப் பெயர்பெற்ற அஸ்னியைக் கடந்து, ஏறத்தாழ 65 கிலோமீட்டர் சென்றால் 1,700 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் அவ்வூர் இருக்கிறது. வட ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான டூப்கால் (4,167 மீட்டர்) ஏறுவோர் புறப்படும் இடமும் அதுவே. அங்கிருந்து அரெம்த், தஷெதிர்த் போன்ற மேலூர்களை நோக்கி நடப்பவரின் மூட்டைகளை இன்றும் பெரும்பாலும் கோவேறு கழுதைகளே சுமக்கின்றன.

விளைநிலம் அரிதான இப்பள்ளத்தாக்குகளில் வீட்டுக்கென நீர்பாயும் மண்ணைச் செலவிட எவரும் துணிவதில்லை. ஆகவே ஊர் என்பது வாய்க்காலுக்கு மேலே, பாறைச் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் வீடுகளின் கூட்டமாகவும், வயல் என்பது அதற்குக் கீழே, கல் அடுக்கிய சிறு சுவர்களால் தாங்கப்படும் படிகளாகவும் அமைகின்றன. மரபான வீட்டில் கீழ்த்தளம் கால்நடைகளுக்கு உரியது; குளிர்காலத்தில் அவற்றின் உடல்வெப்பம் மேல்தளத்தில் உறங்குவோருக்கு உதவுகிறது. பாப்லர் மரத்தின் உத்தரங்களைப் பரப்பி, அவற்றின்மேல் குச்சிகளையும் நாணலையும் அடுக்கி, மண்ணைக் கொட்டித் திமிசு போட்டு இறுக்கிய தட்டைக் கூரையில் மக்காச்சோளமும் வாதுமையும் வால்நட்டும் காய்கின்றன. சரிவு செங்குத்தாக உள்ள இடங்களில் கீழ்வீட்டின் கூரை மேல்வீட்டாருக்கு முற்றமாகவும் பயன்படுகிறது. பனி பெய்தவுடன் கூரையிலிருந்து அதைத் தள்ளாவிட்டால் ஈரம் இறங்கி மண் கரைந்துவிடும் என்பதால், ஒவ்வொரு குளிர்காலமும் வீட்டாரின் உழைப்பைக் கேட்கும் கட்டடங்கள் இவை.

தர்கா என்று தஷெல்ஹித்தில் அழைக்கப்படும் வாய்க்கால், ஆற்றின் குறுக்கே கல்லும் கிளையும் மண்ணும் கொண்டு எழுப்பிய எளிய அணையிலிருந்து பிரிந்து, மலையின் இடுப்பைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் ஓடி, ஒவ்வொரு படிவயலின் தலைமாட்டிலும் மடை திறக்கிறது. வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது வேண்டியவர் வேண்டிய அளவு பாய்ச்சிக்கொள்ளலாம். கோடையில் நீர் மெலிந்ததும் முறைப்பாசனம் தொடங்குகிறது. எந்த நாளில் எந்த ஊருக்கு, அந்நாளின் எந்தப் பொழுதில் எந்தக் குடிவழிக்கு என்று வகுக்கப்பட்ட அம்முறை பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படாமல், ஊராரின் நினைவிலேயே நிலைத்திருக்கிறது. வெள்ளம் அணையை அடித்துச் செல்லும்போதெல்லாம் நீர்ப்பங்கு உடையவர் அனைவரும் தம் பங்கின் அளவுக்கு ஏற்ப ஆள் அனுப்பி அதைத் திரும்பக் கட்டவேண்டும். வராத வீட்டார் தண்டம் செலுத்தவேண்டும். இவற்றைக் கவனிப்பது குடும்பத் தலைவர்கள் கூடும் ஜமாஆ எனப்படும் ஊர்ச்சபை. வெளியார் கண்ணுக்குக் காட்டோடையாகத் தோன்றும் அந்நீரின் ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவருக்கு உரியது என்பதை உணர்ந்த பயணி, அதில் சோப்பு நுரையைக் கலக்கமாட்டார். மடையில் வைத்த கல்லை விளையாட்டாகவும் நகர்த்தமாட்டார்.

புல்லுக்கும் இத்தகைய ஒழுங்கு உண்டு. அக்தால் என்பது, குறிப்பிட்ட நாள்வரை எவரும் மந்தையை ஓட்டிச்செல்லக் கூடாது என்று அடைத்து வைக்கப்படும் பொது மேய்ச்சல் நிலமாகும். 2,600 மீட்டர் உயரத்தில் விரிந்துகிடக்கும் உகைமெதன் மேட்டுப்புல்வெளி, மரபுப்படி மார்ச் 15 முதல் ஆகஸ்ட் 10 வரை மூடப்பட்டிருக்கிறது. தழைக்கவும் பூக்கவும் விதை உதிர்க்கவும் புல்லுக்கு அவ்விடைவெளி போதுமானது. திறக்கும் நாளில் சுற்றுவட்டக் குலத்தார் ஆடுகளோடும் மாடுகளோடும் மேலேறி, அசிப் எனப்படும் கல் குடில்களில் கோடையின் மிச்சத்தைக் கழிக்கின்றனர். அப்புல்வெளிக்குக் காவலராக ஓர் இறைநேசர் கருதப்பட்டதால், நாள் வருமுன் மந்தையை நுழைப்பது விதிமீறலாக மட்டுமன்றிப் பாவமாகவும் எண்ணப்பட்டது. அங்குள்ள பாறைகளில் வெண்கலக் கால மனிதர்கள் செதுக்கிய கால்நடை உருவங்களையும் ஆயுத உருவங்களையும் காண்போர், மேய்ச்சலுக்காக மக்கள் இவ்வுயரத்துக்கு ஏறிவருவது எவ்வளவு பழைய வழக்கம் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பொதுநிலம் என்றாலே பாழாகும் என்று எண்ணுவோர் உகைமெதனைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவதான தானியத்திற்கு இம்மக்கள் எழுப்பிய கட்டடங்களே அவர்களுடைய கட்டடக்கலையின் உச்சம் எனலாம். அகாதிர் என்றும் சில பகுதிகளில் இக்ரெம் என்றும் அழைக்கப்படும் பொதுக்களஞ்சியம், கோட்டை போன்ற ஒற்றை வாயிலுடன் குன்றின் உச்சியிலோ பாறை விளிம்பிலோ நிற்கிறது. உள்ளே ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனி அறையும், மரத்தால் செய்த பூட்டும் சாவியும் உண்டு. வாற்கோதுமை, உலர்பழம், எண்ணெய் ஆகியவற்றோடு நிலப் பத்திரமும் மணப்பெண்ணின் நகையும் அங்கே வைக்கப்பட்டன. அமீன் எனும் காவலர் அதிலேயே தங்கி, ஆண்டுதோறும் வீட்டுக்கு இவ்வளவு தானியம் என்று ஊதியம் பெற்றார். திருட்டுக்கும் வாயிலில் நிகழும் சண்டைக்கும் என்ன தண்டம் என்பதை விதிகளாக எழுதியும் வைத்தனர். மழை தவறும் ஆண்டுகள் அடிக்கடி வரும் நிலத்தில், நல்ல விளைச்சலின் மிகுதி அடுத்த பஞ்சம்வரை காக்கப்பட்டது இதனாலேயே. ஐத் புகமேஸ் பள்ளத்தாக்கில் கூம்புக் குன்றொன்றின் உச்சியில் வட்டவடிவில் நிற்கும் சிதி மூசா களஞ்சியம் ஓர் இறைநேசரின் அடக்கத்தலமாகவும் விளங்கியது. பிள்ளைப்பேறு வேண்டிப் பெண்கள் அங்கு வந்து தங்கும் வழக்கம் இருந்தது.

ஊருக்குள் தங்கும் பயணிக்கு வாய்ப்பது ஜீத் எனப்படும் இல்லத் தங்கல். 1980களில் மொரோக்கோ அரசு உயர் அட்லஸின் நடுப்பகுதியில் மலைச்சுற்றுலாவை வளர்க்க முற்பட்டபோது, ஊரார் தம் வீட்டின் ஒரு பகுதியைத் திருத்திப் பயணியருக்கு அளிக்கும் இம்முறை பரவியது. மலை வழிகாட்டிகளுக்கான பயிற்சிப் பள்ளியும் ஐத் புகமேஸின் தபந்த்தில் அமைந்தது. காலணியை வாசலில் கழற்றி, தாழ்வான மேசையைச் சுற்றிக் கம்பளத்தில் அமர்ந்ததும் ரொட்டி, ஆலிவ் எண்ணெய், தேன், வெண்ணெய் ஆகியவையும், புதினா இட்ட பச்சைத் தேநீரும் வருகின்றன. பழமையானதாகத் தோன்றும் அத்தேநீர், சீனத் தேயிலை வணிகம் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் நாடெங்கும் பரவியது. ஒரே தட்டிலிருந்து வலக்கையால், தம் பக்கத்தில் உள்ளதை மட்டும் எடுத்து உண்பது மரியாதை. இறைச்சியை வீட்டார் பங்கிட்டுத் தரும்வரை காத்திருப்பதும் அப்படியே.

விறகும் தீவனமும் முதுகில் சுமந்து சரிவேறும் பெண்கள்மீது பயணியரின் புகைப்படக் கருவி திரும்புவது கேட்டுப் பெற்ற இசைவோடு மட்டுமே நடக்கவேண்டும். அவ்வுழைப்பு அழகுக்காட்சி அன்று. இடைநிலைப் பள்ளி மலையடிவாரத்தில் மட்டுமே இருந்ததால் தொடக்கக் கல்வியோடு நின்றுவிட்ட சிறுமியர் பலர். அவர்கள் தங்கிப் படிக்கவென ஒரு தொண்டு நிறுவனம் 2007இல் அஸ்னியில் தொடங்கிய விடுதியும், அதைத் தொடர்ந்து அண்டைப் பள்ளத்தாக்குகளில் எழுந்தவையும் சுற்றுலாவால் விளைந்த நற்பயன்களில் முதன்மையானவை. இம்லிலின் மேல் சிதைந்து கிடந்த பழைய கோட்டைவீட்டைச் சீரமைத்து அமைத்த விடுதி ஒன்று, விருந்தினரின் கட்டணத்தோடு 5 விழுக்காட்டை ஊர்ச் சங்கத்திற்கெனப் பெற்று, ஆம்புலன்ஸுக்கும் பொதுக் குளியலகத்திற்கும் குப்பை அகற்றுவதற்கும் உதவிவந்திருக்கிறது. வழியில் குழந்தைகளுக்கு மிட்டாயும் காசும் நீட்டுவதைவிட இவ்வழியே பயணியின் பணம் பொதுவாய்க்காலில் சேர்கிறது.

2023 செப்டம்பர் 8ஆம் நாள் இரவு 11 மணி கடந்த சிறிது நேரத்தில் இம்மலைப்பகுதியின் அல் ஹவூஸ் மாநிலத்தை மையமாகக்கொண்டு 6.8 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கம் 2,900க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மண்சாந்தில் அடுக்கிய கற்சுவர்கள் சரிந்து, கனத்த மண்கூரைகள் உறங்கியோர்மீது விழுந்தன; அல்மொஹத் பேரரசு பிறந்த இடமான தின்மெல்லில் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பள்ளிவாசலும் பெருமளவு இடிந்தது. முற்றிலும் இடிந்த வீட்டுக்கு 1,40,000 திர்ஹம், பகுதி சேதத்திற்கு 80,000 திர்ஹம் என அரசு உதவி அறிவித்தபின், பல ஊர்களில் சிமெண்ட் கல்லும் கான்கிரீட் தளமும் எழுந்துவருகின்றன. குழந்தைகளை இழந்தவர்கள் மண்சுவரை அஞ்சுவதை யாரும் குறைசொல்ல இயலாது. எனினும் குற்றம் மண்ணிடம் மட்டும் இல்லை. சுவருக்குள் மரச்சட்டங்களைக் கிடையாகப் பதித்துக் கட்டுதல், மூலைகளை இறுக்குதல், கூரையின் எடையைக் குறைத்தல் ஆகியவற்றால் மண்வீடும் அதிர்வைத் தாங்கும்படி செய்யலாம். கோடை வெயிலையும் உறைபனியையும் ஒருசேர எதிர்க்கும் தடித்த மண்சுவரை விட்டு மெல்லிய சிமெண்ட் சுவருக்குள் நுழைவோர், குளிருக்காக விறகும் எரிவாயுவும் கூடுதலாக வாங்கவேண்டியிருக்கும். அகாதிர்கள் பலவற்றை உள்ளூர்க் கொத்தர்களைக்கொண்டு உள்ளூர்ப் பொருளாலேயே செப்பனிட்ட மொரோக்கோக் கட்டடக்கலைஞரும் மானிடவியலாளருமான சலீமா நஜி போன்றோர் நெடுங்காலமாக வலியுறுத்திவருவது இதுதான். அணை உடைந்தால் பங்குக்கு ஏற்ப ஆள் அனுப்பிக் கட்டி முடிக்கும் ஊர்ச்சபைகள் இன்னும் உயிரோடு உள்ள இப்பள்ளத்தாக்குகளில், எந்தச் சுவர் எந்தப் பொருளால் எழவேண்டும் என்ற முடிவில் அச்சபைகளுக்கு முதலிடம் தரப்படவேண்டும். மண்ணைக் கையாளத் தெரிந்த கொத்தர்களின் கூலிக்கும், அவர்களிடம் தொழில் கற்க முன்வரும் இளைஞர்களின் பயிற்சிக்கும் அரசின் உதவித் தொகையிலிருந்தே வழி செய்யப்படவேண்டும்.