வட்டவளைப் பிள்ளைகளின் பரீட்சைக் காலம்

இலங்கையில் மழை அதிகமாகப் பெய்யும் இடம் எது என்ற கேள்விக்கு வட்டவளை என்று எழுதிப் புள்ளி வாங்கிய பிள்ளைகள் நாடெங்கும் இருக்கிறார்கள். இங்கே வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பாதையில், மேற்கு நோக்கித் திறந்து கிடக்கும் சரிவில் ஊர் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மேகம் இந்த மலைகளில் முட்டித்தான் கொட்டித் தீர்க்கிறது. கரோலினா, மவுண்ட்ஜீன், லொனக் என்று சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர் லயங்களிலிருந்து இறங்கி வந்து க.பொ.த. சாதாரண தரமும் உயர்தரமும் எழுதும் பிள்ளைகளின் பரீட்சைக் கதையை இந்த மழையை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

நெடுங்காலமாகச் சாதாரண தரப் பரீட்சை டிசம்பரில்தான் நடந்துவந்தது. கொரோனா அந்த நாட்காட்டியைக் குலைத்துப் போட்டது. 2020ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2021 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அடுத்தது 2022 மே 23இல் தொடங்கியது. அதற்கடுத்தது 2023 மே 29இல், பிறகு 2024 மே 6இல். தொடர்ந்து மூன்று வருடங்கள் மே மாதத்தில். கொழும்பில் இருந்து நாள் குறிப்பவர்களுக்கு மே மாதமும் ஒரு மாதம்தான். வட்டவளையில் அது பருவமழை வந்து உட்காரும் காலம். காயப்போட்ட வெள்ளைச் சீருடை இரண்டு நாளானாலும் காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட்டு, புகை வாடையோடு போட்டுக்கொண்டு போக வேண்டும்.

அந்த மூன்று வருடங்களில் 2022தான் மிகக் கொடியது. பொருளாதார நெருக்கடியில் டீசலுக்கும் பெற்றோலுக்கும் மைல் கணக்கில் வரிசை நின்ற நாட்கள் அவை. தோட்டப் பாதைகளில் ஓடும் முச்சக்கரவண்டிகள் நின்றுபோயின. ஓடியவையும் கேட்ட கூலி ஒரு நாள் சம்பளத்தை விழுங்கியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து மழையில் நடந்துபோய்ப் பரீட்சை எழுதிய அந்த வகுப்புதான், அதற்கு முந்திய இரண்டு வருடங்களும் பாடசாலை மூடிக்கிடந்தபோது கைத்தொலைபேசி சிக்னல் தேடி மலை உச்சிக்கும் கோயில் திடலுக்கும் ஏறிய வகுப்பு. அவர்களுடைய பெறுபேற்றை மற்ற வருடங்களோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பரீட்சை காலை எட்டரைக்குத் தொடங்கும் என்று நேரசூசி சொல்கிறது. தோட்டத்தின் மேல் டிவிசனில் இருக்கும் பிள்ளைக்கு அது நாலரைக்கே தொடங்கிவிடுகிறது. அம்மா எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்துவிட்டுத்தான் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். பிள்ளைக்குப் பரீட்சை என்று அன்றைக்கு வீட்டில் நிற்க அம்மாவுக்கு முடியாது. நின்றால் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. தாமதமாகப் போனாலும், கொழுந்து குறைந்தாலும் அரைப்பேர்தான். ஆகவே வாசலில் நின்று வழியனுப்புவது பெரும்பாலும் அம்மாயியோ தாத்தாவோதான். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிற வழியிலேயே நின்று, "பதறாம எழுது புள்ள" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

பரீட்சைக்கு முதல்நாள் மாரியம்மன் கோயிலில் அனுமதி அட்டையையும் பேனையையும் வைத்து எடுத்திருப்பார்கள். விடிந்ததும் பெரியவர்கள் காலில் விழுந்து எழும்பி, நெற்றியில் திருநீறோடு பிள்ளைகள் கூட்டமாக இறங்குவார்கள். சப்பாத்தையும் காலுறையையும் ஷொப்பிங் பையில் சுற்றிக் கையில் பிடித்திருப்பார்கள். காலில் ரப்பர் செருப்பு இருக்கும். தேயிலை வரிசைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கினால் சேறும் அட்டையும் தப்பாது. பீலித் தண்ணீரில் கால் கழுவி, அட்டையைப் பிய்த்துப் போட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டுதான் மண்டபத்துக்குள் நுழைகிறார்கள். வினாத்தாள் வந்த பிறகே காலுறைக்குள் ரத்தம் கசிவதைக் கவனிப்பதும் உண்டு. மூன்று மணித்தியால வினாத்தாளுக்கு வாசிப்பு நேரம் என்று மேலதிகமாகப் பத்து நிமிடம் கொடுக்கிறார்கள். மலையேறி இறங்கி வந்த பிள்ளைக்கு மூச்சு வாங்கி முடியவே அந்தப் பத்து நிமிடம் சரியாக இருக்கும்.

மண்டபத்துக்குள் நுழைய அடையாள அட்டை வேண்டும். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஒரு சிறு அலுவல். தோட்டப்புறத்தில் இது சில குடும்பங்களுக்கு ஒரு வருடத்து வேலை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர். அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அம்மாவின் பெயரைச் சிங்களத்தில் எழுதியவர் தனக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். திருத்துவதற்குப் பிரதேச செயலகத்துக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் போக வேண்டும். போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளம் போகிறது. அட்டை வந்து சேராதவர்களுக்கு ஆட்பதிவுத் திணைக்களம் அடையாளத்தை உறுதிப்படுத்தும் கடிதம் கொடுக்கிறது. பரீட்சைக்கு நாள் நெருங்கும்போது அந்தக் கடிதத்தைத் தேடிப் பிள்ளைகளோடு அலையும் அதிபர்களும் வகுப்பாசிரியர்களும் மலையகப் பாடசாலைகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய சேவைப் புத்தகத்தில் இதற்கென்று ஒரு வரியும் ஏறுவதில்லை.

படிப்பது எங்கே? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். லயக் காம்பரா என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவிலான ஓர் அறை, அதன் முன்னால் ஓர் இஸ்தோப்பு. ஐந்தாறு பேர் அதற்குள் புழங்குகிறார்கள். இரு வீட்டுக்கும் பொதுவான சுவர் கூரை வரை போகாத லயங்களில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி நம் வீட்டுத் தொலைக்காட்சிதான். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது மனதுக்குள் வாசிப்பதே நமக்குக் கேட்காது. எல்லோரும் படுத்த பிறகு இஸ்தோப்பில் ஒரு பல்பைப் போட்டுக்கொண்டு பிள்ளை உட்காருகிறது. அப்பா குடித்துவிட்டு வரும் வீடு என்றால் அதுவும் இல்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கோ, பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்துக்கோ, கூட்டாளி வீட்டுக்கோ போக வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இரவில் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

அதே லயத்தின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பரீட்சை வாரத்தில் பக்கத்து வீட்டு அக்கா தொலைக்காட்சியின் சத்தத்தைத் தானாகக் குறைத்துவிடுகிறாள். திருவிழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கியை இளைஞர்கள் பேசி நிறுத்துகிறார்கள். போன வருடம் எழுதியவன் தன்னுடைய பாஸ்ட் பேப்பர் கட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அதன் ஓரத்தில் அவனுக்கு முன் எழுதியவளின் கணக்கும் பென்சிலில் இருக்கும். ஒரு பிள்ளை பரீட்சைக்குப் போனால் அந்த லயமே போகிறது. நகரத்துப் பரீட்சைகளில் இதை நான் கண்டதில்லை.

சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்கள். தாய்மொழி, சமயம், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வரலாறு என்று ஆறு கட்டாயம். மீதி மூன்றும் தொகுதிகளில் இருந்து தெரிவு செய்பவை. உயர்தரத்துக்குப் போகத் தாய்மொழியும் கணிதமும் அடங்கலாக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றில் மூன்றாவது சி தரமாக இருக்க வேண்டும். சொல்லிக்கொள்ளும்போது இது எளிதாகத்தான் இருக்கிறது. தமிழில் ஏ, சமயத்தில் ஏ, வரலாற்றில் பி, கணிதத்தில் மட்டும் சித்தியில்லாத டபிள்யூ என்று வரும் பெறுபேற்றுத்தாளைப் பார்த்தால்தான் அதன் கொடூரம் விளங்கும். கணிதத்தின் முதல் வினாத்தாளில் 25 சிறு வினாக்கள், பிறகு ஐந்து அமைப்புக் கட்டுரை வினாக்கள். இரண்டாவதில் பன்னிரண்டில் பத்துக்கு விடை எழுத வேண்டும். ஆறாம் வகுப்பில் விடுபட்ட பின்னம், எட்டாம் வகுப்பில் விடுபட்ட அட்சரகணிதம் எல்லாம் அந்த ஒரு நாளில் வந்து வழியை மறிக்கின்றன. விடுபட்டதற்குக் காரணம் பிள்ளை இல்லை. அந்த வருடம் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை, அல்லது இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

பரீட்சைத் திணைக்களம் பத்தரமுல்லை பெலவத்தையில் இருக்கிறது. அங்கிருந்து முத்திரை வைத்த பொதியில் கொழும்பு றோயல் கல்லூரிக்குப் போகும் வினாத்தாளேதான் வட்டவளைக்கும் வருகிறது. ஒரு சொல் வித்தியாசமில்லை. அந்த அளவில் அது நேர்மையான பரீட்சை. ஆனால் வினாத்தாளை மலை ஏற்றி நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கத் தெரிந்த அரசு, அதற்கு முந்திய பதினொரு வருடங்களில் ஒரு கணித ஆசிரியரையும் ஒரு விஞ்ஞான ஆசிரியரையும் அதே மலைக்கு ஏற்றி நிறுத்தி வைக்கவில்லை. என் கோபமெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான்.

இது இன்று நேற்று ஏற்பட்ட குறை இல்லை. 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே தோட்ட நிர்வாகத்தின் கையில் நின்றன. ஒரே ஆசிரியர், ஒரே கொட்டகை, ஐந்தாம் வகுப்போடு முடிவு. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையான பிறகு, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில்தான் அரசு இந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்கு மேல் பின்னால் நின்று ஓடத் தொடங்கியவர்கள் இவர்கள். கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது பெரிய காரியம். அங்கே படித்து வெளியேறிய ஆசிரியர்கள் இன்று மலையகமெங்கும் நிற்கிறார்கள். ஆனாலும் விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் படிக்க விரும்பும் வட்டவளைப் பிள்ளைக்கு இன்றும் ஹட்டன் பக்கம்தான் கண் போகிறது. பஸ் செலவு, டியூஷன் செலவு, தங்க வேண்டி வந்தால் அந்தச் செலவு என்று கணக்குப் போட்டுவிட்டுக் கலைப்பிரிவில் சேர்ந்துவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். வைத்தியராகும் கனவை வீட்டுக் கணக்கு முடித்துவைக்கிறது.

பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா மாவட்டம் பின்தங்கிய மாவட்டமாகக் கொள்ளப்படுகிறது. அனுமதிக்கு வேண்டிய குறைந்தபட்ச இசட் புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி, கொழும்பைவிடத் தாழ்ந்திருக்கும். இந்தச் சலுகையைப் பற்றி வெளியே முணுமுணுப்பு கேட்பதுண்டு. இஸ்தோப்பில் மழைச் சாரலுக்குப் புத்தகத்தை மறைத்துப் பிடித்துப் படித்த ஒருத்தியின் இசட் புள்ளிக்கு முன்னால் அந்தச் சலுகை மிகச் சிறியது என்பதே என் எண்ணம்.

உயர்தரப் பரீட்சைக்கும் மழை வழி விடவில்லை. 2024 நவம்பர் 25இல் பரீட்சை தொடங்கியது. இரண்டே நாளில் பெங்கல் புயல் மழையால் நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4ஆம் திகதிதான் மீண்டும் தொடங்கியது. அடுத்த வருடம் இன்னும் மோசம். 2025 நவம்பர் 10இல் தொடங்கிய பரீட்சை முடிய ஒரு வாரமே இருந்தபோது டித்வா புயல் வந்தது. நாடெங்கும் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து விழுந்தன. எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போயின. பரீட்சையை நிறுத்தியது முற்றிலும் சரியான முடிவு. அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் லயத்தை விட்டு வெளியேறிப் பாடசாலைக் கட்டடத்தில் தஞ்சமிருக்கும் குடும்பத்தில் ஒரு பரீட்சார்த்தி இருந்தால், அந்த ஒன்றரை மாதத்தில் அவள் எங்கே உட்கார்ந்து எதைப் படிப்பாள்? குறிப்புக் கொப்பிகள் மண்ணுக்குள் போயிருந்தால் அவற்றை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? முகாம்களுக்கு அரிசியும் பாயும் போகும்போது பாடக் குறிப்புகளும் பாஸ்ட் பேப்பர்களும் சேர்ந்து போக வேண்டும் என்பதை வலயக் கல்வி அலுவலகங்கள் அனர்த்தத் திட்டத்திலேயே எழுதி வைக்கலாம். மண் சரியும் மலைகள் எவை என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரைபடமாகவே வைத்திருக்கிறது. வட்டவளையில் ரயில் பாதையே சரிந்த கதை இங்குள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

சாதாரண தரம் 2025இல் மார்ச் 17 முதல் 26 வரை நடந்தது. மலையகத்தின் மேற்குச் சரிவில் வருடத்தின் முதல் மூன்று மாதங்கள்தான் ஓரளவு வெயில் காணும் காலம். நாட்காட்டியைப் பழைய ஒழுங்குக்கு இழுக்கும் முயற்சியில் பரீட்சைக்கு இந்தக் காலம் வாய்த்திருக்கிறது. இனி அதை மீண்டும் மே மாதத்துக்கு நழுவ விடக் கூடாது என்று மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒரே குரலில் கேட்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை.

பரீட்சை முடிந்த மறுநாள் லயம் மாறிவிடுகிறது. பிள்ளைகளில் சிலர் கொழும்புக்கு ரயில் ஏறுகிறார்கள். புறக்கோட்டைக் கடைகளுக்கும், வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளுக்கும், பெண் பிள்ளைகளென்றால் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும். பெறுபேறு வரும்வரைதான் என்று சொல்லித்தான் போகிறார்கள். அண்மைக் காலத்தில் சாதாரண தரம் முடிந்த சில வாரங்களிலேயே, பெறுபேற்றுக்குக் காத்திராமல் உயர்தர வகுப்புகளைத் தொடங்குகிறார்கள். மலையகத்துக்கு இது நல்ல மாற்றம். அந்த இடைவெளியில்தான் பிள்ளைகளைக் கடைகள் வாங்கிக்கொண்டிருந்தன.

பெறுபேறு வரும் நாளில் இணையத்தளம் திணறும். கைத்தொலைபேசியில் சுட்டெண்ணைத் தட்டித் தட்டிப் பார்த்து, கிடைத்தவுடன் முதல் ஓட்டம் அம்மா நிற்கும் மலைக்குத்தான். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்கு டவுனில் பதாகை கட்டுவார்கள். கட்டட்டும், அது நியாயமான பெருமை. கணிதம் மட்டும் தவறியவர்கள் அடுத்த பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் இணையவழியில். கொழும்பில் கடையில் நிற்பவன் முதலாளியிடம் ஒரு நாள் லீவு கேட்டு, இரவு தபால் ரயிலில் ஏறி ஹட்டனில் இறங்கி, நேரே மண்டபத்துக்குப் போய் அந்த ஒரு பாடத்தை எழுதிவிட்டு அன்றைக்கே திரும்புகிறான். இடையில் அவனுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க யாரும் இருந்ததில்லை. சில தோட்டங்களில் பல்கலைக்கழகம் போன இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் இவர்களுக்கென்று இலவசமாகக் கணித வகுப்பு எடுக்கிறார்கள். கரும்பலகையும் வெண்கட்டியும் அவர்களே வாங்குகிறார்கள். தோட்டத்துக்கு ஒன்றாக இந்த வகுப்பை அரசு சம்பளம் கொடுத்து நடத்தினால், அந்த ஒற்றை டபிள்யூவைத் தாண்டி உயர்தரத்துக்குப் போகிறவர்களின் தொகை அடுத்த பெறுபேற்றிலேயே கூடும்.