தில்லையில் காண்பன

வெள்ளாற்றிற்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த பழம்பதி சிதம்பரம். கூத்தப்பெருமானை வழிபட வருவோரும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தம் மக்களைச் சேர்க்க வருவோருமாக இந்நகரில் நாள்தோறும் வெளியூர் மக்கள் வந்த வண்ணம் இருப்பர். அவருள் பலர் வந்த வினை முடிந்ததும் அடுத்த வண்டியில் ஊர் திரும்பிவிடுகின்றனர். இரண்டு நாள் தங்கி, ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் காண்போர், பூட்டி வைத்த அறிவு தேயும், பொதுவில் வைத்த அறிவு வளரும் என்னும் உண்மையை இங்குக் கண்கூடாகக் காண்பர்.

முதலிற் காணத்தக்கது நடராசர் திருக்கோயில். அம்பலம் என்பது பலர் கூடும் பொது இடத்தைக் குறிக்கும் சொல். சிற்றம்பலம் என்னும் பெயரே சிதம்பரம் என வழங்கலாயிற்று என்பர். பொன் வேய்ந்த கூரையின்கீழ் இறைவன் ஆடும் திருக்கோலத்தைக் காணலாம். அருகிலேயே கோவிந்தராசப் பெருமாள் சந்நிதி உள்ளது. ஓரிடத்தில் நின்றே இருவரையும் வணங்கலாம் என்பது இக்கோயிலின் தனிச்சிறப்பு.

நான்கு திசையிலும் ஏழு நிலைக் கோபுரங்கள் ஓங்கி நிற்கின்றன. அவற்றின் வாயில்களில் விரைந்து நடப்போர் பெரும்பயனை இழப்பர். பரத முனிவர் கூறிய 108 கரணங்கள் அங்கே சுவரில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கீழைக் கோபுரத்திலும் மேலைக் கோபுரத்திலும் அவற்றிற்குரிய நூற்பாக்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நடன நூல் ஒன்றைப் பலரும் நடக்கும் வழியில் கல்லில் விரித்து வைத்தனர் நம் முன்னோர். 1981ஆம் ஆண்டு முதல் மகாசிவராத்திரியை ஒட்டி இந்நகரில் நாட்டியாஞ்சலி விழா நடைபெற்று வருகிறது. அக்காலத்தில் வருவோர், கல்லிற் கண்ட நிலைகளை ஆடுவோர் மேனியிலும் காணலாம்.

இதே கோயிலைப் பற்றி வேறொரு வரலாறும் வழங்குகிறது. தேவாரத் திருப்பதிகங்கள் எழுதிய ஏடுகள் இங்கோர் அறையில் பூட்டப்பட்டிருந்தன. இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் முயன்று அவ்வறையைத் திறப்பித்தபோது, ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. அழிந்தவை போக எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என்பது மரபு. வழியில் நின்ற கல் இன்றும் பேசுகிறது. அறையில் இருந்த ஏடோ மண்ணாயிற்று.

கோயிலிலிருந்து ஓமக்குளம் செல்வோர் சுவாமி சகஜானந்தர் அமைத்த நந்தனார் கல்வி நிலையத்தைக் காணலாம். தில்லையைக் காணத் தணியாத வேட்கை கொண்டும், தம் பிறப்பை எண்ணி ஊரெல்லையிலேயே தயங்கி நின்றவர் நந்தனார். அவர் பெயரால், கல்வி மறுக்கப்பட்ட மக்களின் சிறுவர்க்கென 1916இல் சகஜானந்தர் பள்ளி தொடங்கினார். இதனினும் பொருத்தமான நினைவுச் சின்னம் நந்தனார்க்கு வேறு யாது?

புகைவண்டி நிலையத்திற்குக் கிழக்கே அண்ணாமலைநகர் தொடங்குகிறது. 1920இல் இங்குத் தொடங்கிய மீனாட்சி கல்லூரியே பின்னர் வளர்ந்து, அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929இல் பல்கலைக்கழகம் ஆயிற்று. 2013இல் தமிழ்நாடு அரசு அதனைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. ஏடு தேடி ஊரூராக அலைந்த உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை இங்குள்ள தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். ஈழத்து அறிஞர் விபுலாநந்தர் இப்பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். தமிழ்ப் பாடல்கள் மேடையில் முதன்மை பெற வேண்டும் என முழங்கிய தமிழிசை மாநாடு 1941இல் கூடியதும் இங்கேதான்.

நண்பகலில் பசித்தோர் இவ்வூர்ச் சம்பா சாதத்தையும் கத்தரிக்காய்க் கொத்சுவையும் சுவைத்தல் வேண்டும்.

மறுநாட் காலை, வெயில் ஏறுமுன் பிச்சாவரம் செல்லுதல் நன்று. நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அலையாத்திக் காடு அது. துடுப்புப் படகில் ஏறிக் குறுகிய ஓடைகளுட் புகுந்தால், இருபுறத்து மரங்களும் மேலே கைகோத்துப் பந்தலிட்டு நிற்கும். சுரபுன்னை மரம் பல கால்களை ஊன்றியது போலத் தாங்கு வேர்களைச் சேற்றில் இறக்கியிருக்கும். அதன் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, பின்னரே நீரில் விழும். வெண்கண்டலின் வேர்களோ மூச்சு விடுதற்காகச் சேற்றினின்று மேல்நோக்கி எழும். நகருக்குப் பெயர் தந்த தில்லை மரம் இன்று நகரில் இல்லை. அதைக் காண இக்காட்டிற்கே வரவேண்டும். அதன் பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு செய்யுமாதலின், கிளையை ஒடித்தல் கூடாது.

இக்காடும் ஒருகால் அழியும் நிலையை எய்திற்று. பகுதி பகுதியாக மரங்களை அறவே வெட்டியமையால் நிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. உட்புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கியது, உப்பு மிகுந்தது, புதுக்கன்றுகள் பிழைக்கவில்லை. 1990களில் ஆய்வாளரும் வனத்துறையினரும் அவ்வூர் மக்களும் ஒன்றுகூடினர். மீன்முள்ளைப் போல் நடுவே ஒரு வாய்க்காலும் பக்கங்களிற் பல கிளைகளும் வெட்டி, அலைநீர் வந்து மீள வழி செய்து, கன்றுகளை நட்டனர். காடு மீண்டும் தழைத்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இக்காட்டின் மறைவில் இருந்த சிற்றூர்கள் பேரழிவினின்று தப்பின. 2022இல் இது ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

ஆய்வாளர் அறிந்ததை நூலகத்திலேயே வைத்திருந்தால் அக்காடு மீண்டிராது. மீனவரும் உழவரும் அதனைத் தம் அறிவாகக் கொண்டு மண்வெட்டி எடுத்தமையாலேயே மீண்டது. சிதம்பரம் செல்லும் மாணவர் கோபுர வாயிலில் சற்று நிற்க. ஓடையில் படகு செல்லும்போது வேர்களை உற்று நோக்குக. கண்டவற்றை ஊர் திரும்பியதும் உடன்பயில்வோர்க்கு எடுத்துரைக்க.