எல்லை வேலியும் அதன் செலவும்

நிலக்கடலை காய் முற்றும் காலத்தில் வேலியற்ற புஞ்சையில் ஓரிரவு காட்டுப்பன்றிக் கூட்டம் புகுமாயின், குடியானவர் மூன்று மாதம் பட்ட பாடு விடிவதற்குள் வீணாய்ப் போகின்றது. திருவண்ணாமலைச் சீமையில், முக்கியமாய் ஜவ்வாது மலையடிவாரத்தை ஒட்டிய கிராமங்களில், வேலியின் அவசியத்தை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒருவர் பணம் செலவிட்டு இடும் வேலி அடுத்த நிலத்தையும் காக்கின்றதே, அச்செலவில் அயலாரின் பங்கு யாது என்பதிலேயே சச்சரவு உண்டாகின்றது.

சட்டம் கூறுவதை முதலில் அறிதல் நலம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில், 1991-ஆம் வருஷத்துச் சட்டப்படி, போதுமான எல்லை வேலியின் செலவை இருபக்கத்து நிலச் சொந்தக்காரரும் சமமாய் ஏற்க வேண்டும். நம் ராஜ்யத்தில் பயிர்நில வேலிக்கென்று அத்தகைய சட்டம் ஏற்படவில்லை. ஆகையால், அயலாரைக் கலந்துகொள்ளாமல் வேலியிட்டுவிட்டுப் பின்னர்ப் பாதித் தொகை கேட்பவர், பெரும்பாலும் மனஸ்தாபத்தையே பெறுவர்.

எல்லைக் கல்லின் விஷயம் அப்படியன்று. 1923-ஆம் வருஷத்து சர்வே எல்லைகள் சட்டப்படி, தம் நிலத்துக் கற்களைப் பாதுகாப்பதும் செப்பனிடுவதும் பட்டாதாரரின் கடமை. அவர் தவறினால் சர்க்கார் அவ்வேலையைச் செய்து, செலவைப் பங்கிட்டு, நிலவரிப் பாக்கியைப் போல் வசூலிக்கலாம். வாய்க்காலைப் பற்றியோ அநேகர் தலைகீழாய் எண்ணியிருக்கின்றனர். பிறர் நிலத்தின் வழியே நீர் கொண்டுபோகும் உரிமையுள்ளவரே அவ்வாய்க்காலைச் செப்பனிடும் செலவை ஏற்க வேண்டும் என்பது 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டத்தின் விதி. நிலத்துக்காரர் ஒன்றும் செய்யக் கடமைப்பட்டவரல்லர். பழுது பாராமையால் கரை உடைந்து அவருடைய பயிர் அழிந்தால், நஷ்டஈடு கொடுக்க வேண்டியவரும் நீர் கொண்டுபோகிறவரே.

வேலிக்குச் சட்டம் இல்லாவிடினும் கணக்கு உண்டு. சதுரமான ஓர் ஏக்கர் புலத்தைச் சுற்றி வேலியிட ஏறக்குறைய 835 அடி வேண்டும். ஒன்றையொன்று ஒட்டி, நான்கும் சேர்ந்து ஒரு பெருஞ்சதுரமாய் அமைந்த நால்வரின் ஏக்கர்களுக்குத் தனித்தனியே வேலியிட்டால் 3,340 அடி ஆகும். நான்கையும் ஒரே வளைவாய் வளைத்தால் 1,670 அடியே போதும். தலைக்கு 418 அடிக்குள் அடங்குவதால் கம்பி, கல்தூண், கூலி யாவும் பாதியாய்க் குறைகின்றன. நடுவே வேலிக்கென விட வேண்டிய நிலமும் மிச்சம்.

நிலங்கள் வரிசையாய் அமைந்த இடத்தில், அவரவர் பக்கத்தை அவரவர் அடைப்பது என்னும் வழக்கமான முறை சரிப்படாது. மூன்று சதுர ஏக்கர்கள் வரிசையாய் இருப்பின், ஓரத்தார் இருவருக்கும் மும்மூன்று பக்கம் வெளியே இருக்கும். நடுவிலுள்ளவருக்கு இரண்டே பக்கம். காப்போ மூவருக்கும் ஒன்றே. ஆதலால் வெளிவேலியின் முழுச் செலவையும் ஏக்கர் விகிதப்படி பகிர்தலே நியாயம் என்பது நமது அபிப்பிராயம். நிலத்தைத் தரிசாய்ப் போட்டிருப்பவர் பங்கு தர மறுப்பதிலும் ஓரளவு நியாயம் உண்டு. அவரைப் பகைத்துக்கொள்ளாமல், அவர் பயிரிடத் தொடங்கும் வருஷத்தில் தம் பங்கைச் செலுத்துவதாக எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

வேலை தொடங்குமுன் புலப்பட நகலைப் பெற்று, சர்வேயரைக் கொண்டு அளந்து, கற்கள் சரியான இடத்தில் இருப்பதைக் கண்டுகொள்க. முன்னாளில் கர்ணம் செய்த இவ்வுதவியை, 1980-இல் அப்பதவி நீங்கியபின், கிராம நிர்வாக அலுவலரிடம் கோரலாம். வேலியின் நீளம், ஒவ்வொருவரின் பங்கு, பழுது நேர்ந்தால் எத்தனை நாளுக்குள் யார் பார்ப்பது, நிலம் கைமாறினால் வாங்குபவருக்கு அறிவிப்பது ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி யாவரும் கையொப்பமிடுதல் வேண்டும். மின்சாரத்தை நேராய்க் கம்பியில் பாய்ச்சுதல் ஆளைக் கொல்லும் குற்றம். கூட்டாளிகளில் ஒருவர் அதற்கு முனைந்தாலும் மற்றவர் இடங்கொடுக்கலாகாது.

கம்பிக்கு வசதியில்லாதவர் கிளுவைப் போத்துகளை மழைக்கு முன் நெருக்கமாய் நட்டு உயிர்வேலி அமைக்கலாம். வேலிக்கருவேலை நட வேண்டாம். அதன் விதை நிலமெங்கும் பரவும். உயிர்வேலியின் செலவு பணத்தைவிட நிழலிலேயே அதிகம். வேலி ஓரத்துக் கடலைச் செடி வெயிலின்றிக் காய் பிடிக்காது. ஆகவே வருஷத்திற்கு இருமுறை, விதைப்புக்கு முன் ஒன்றும் அறுவடைக்குப் பின் ஒன்றுமாக, இருபக்கத்தாரும் ஒரே நாளில் இடுப்பளவுக்குக் கழித்துவிட்டு, தழையைத் தத்தம் குப்பைக்குழியில் இட்டுக்கொள்வது நலம்.