செல்பேசி மோடம் அட்டைகளின் நிலைபொருள்: புதுப்பித்தலும் ஒப்பிடுதலும் – சேத்தியாத்தோப்பு வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

செல்பேசி வலையமைப்பின் வழியே இணையத்தோடு இணையும் மோடம் அட்டைகள் நீர்நிலைக் கண்காணிப்பு, மின் அளவீடு, தானியங்கி வானிலை நிலையம் போன்ற ஆளில்லாப் பணிகளில் பயன்படுகின்றன. அட்டைக்குள் இயங்கும் நிரல்தொகுதியாகிய நிலைபொருளைப் புதுப்பித்தால் இணைப்பு மேம்படும் என்பது பரவலான நம்பிக்கை. நிலைபொருளால் மாற்றக்கூடியவை எவை, மாற்ற இயலாதவை எவை என்பதை இக்கட்டுரை வரையறுக்கிறது. இரு பதிப்புகளை ஒப்பிடுவதற்குரிய முறையையும், வெள்ள அபாயமுள்ள வட்டாரத்தில் புதுப்பித்தலுக்குரிய காலத்தையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிலைபொருள், மோடம் அட்டை, அலைவரிசைப் பட்டை, பதிப்பு ஒப்பீடு, தொலை அளவீடு, சேத்தியாத்தோப்பு

முன்னுரை

கடலூர் மாவட்டத்தில், நெய்வேலிக்குத் தெற்கே, வெள்ளாற்றங்கரையில் அமைந்த ஊர் சேத்தியாத்தோப்பு. ஆற்றின் குறுக்கே இங்கு ஓர் அணைக்கட்டு உள்ளது. அருகிலேயே வீராணம் ஏரி உள்ளது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே ஏரிக்கு நீர் வருகிறது. 2004ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய வீராணம் திட்டத்தின்கீழ், சேத்தியாத்தோப்பில் எடுக்கப்படும் ஏரிநீர் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவிலுள்ள வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்திற்கு ஏற்றப்படுகிறது. அங்கிருந்து கடம்புலியூருக்கும், பின்னர் ஏறத்தாழ 200 கி.மீ. கடந்து சென்னைப் போரூருக்கும் செல்கிறது. திட்டத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர்.

ஏரி, அணைக்கட்டு, நீரேற்று நிலையம், நெடுங்குழாய் ஆகியவை அடுத்தடுத்து அமைந்த இத்தகைய வட்டாரத்தில், நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் உடனுக்குடன் அறிவது இன்றியமையாதது. கம்பிவழி இணைப்பு எட்டாத கரைகளில் அளவியின் எண்ணைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுசேர்க்கும் எளிய வழி செல்பேசி வலையமைப்பே. அதற்கான கருவியின் உள்ளே விரலளவு அகலமுள்ள மோடம் அட்டை ஒன்று இருக்கும். அவ்வட்டை இயங்காது போனால், அளவி சரியாக அளந்தும் பயனில்லை. ஆகவே அட்டையின் நிலைபொருள் பற்றிய தெளிவு, பொறியாளருக்கு மட்டுமன்றி, தரவை நம்பி ஆய்வு செய்வோருக்கும் தேவைப்படுகிறது.

சொல்லும் பொருளும்

இக்கருத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஆஷர் ஆப்லர் 1967ஆம் ஆண்டு 'டேட்டாமேஷன்' இதழில் வெளியான கட்டுரையில் அறிமுகப்படுத்தினார். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்டதாகிய நுண்நிரலை அவர் அச்சொல்லால் சுட்டினார். தமிழில் இதற்கு 'நிலைபொருள்' என்னும் சொல் வழங்குகிறது. மென்பொருள், வன்பொருள் ஆகிய இரண்டும் பண்புத்தொகைகள். நிலைபொருள் என்பதை நிலைத்த, நிலைக்கின்ற, நிலைக்கும் பொருள் என விரித்து வினைத்தொகையாகக் கொள்ளலாம். வினைத்தொகையாதலின் வல்லினம் மிகாமல் எழுதுவது பொருந்தும். மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் தங்குவது என்பதே இங்கு நிலைத்தலின் பொருள். மாற்ற இயலாதது என்று கொள்ளலாகாது. இன்றைய நிலைபொருள் பலமுறை மாற்றி எழுதப்படுகிறது.

மோடம் அட்டையை மூன்று அடுக்குகளாகப் பகுத்துக் காண்பது விளக்கத்திற்கு உதவும். முதலாவது, வானொலி வன்பொருள்: அலைவரிசை வடிகட்டிகள், பெருக்கிகள், ஆண்டெனா இணைப்பிகள் ஆகியன. இரண்டாவது, அடிப்படை நிலைபொருள்: கோபுரத்தோடு பேசும் நெறிமுறைகளை நிறைவேற்றுவது. மூன்றாவது, வலையமைப்பு நிறுவனத்திற்கேற்ற அமைவுக் கோப்பு: எந்தப் பட்டைகளை எவ்வரிசையில் தேடுவது, குரலழைப்பையும் குறுஞ்செய்தியையும் எவ்வாறு கையாள்வது போன்றவற்றை வகுப்பது. சியரா வயர்லெஸ் அட்டைகளில் இது 'பிஆர்ஐ' என்றும், குவால்காம் சில்லு கொண்ட குவெக்டெல் போன்ற அட்டைகளில் 'எம்பிஎன்' என்றும் வழங்கப்படுகிறது. 'புதுப்பித்தேன்' என்று ஒருவர் கூறும்போது இரண்டாம் அடுக்கு மாறியதா, மூன்றாம் அடுக்கு மாறியதா, இரண்டுமா என்பதைக் கேட்டறிய வேண்டும். ஒப்பீட்டில் நேரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இப்பகுப்பைக் கருதாமையால் எழுகின்றன.

நிலைபொருளால் இயலாதது

முதல் அடுக்கில் இல்லாத ஒன்றை இரண்டாம் அடுக்கால் உண்டாக்க இயலாது. சியரா வயர்லெஸ் நிறுவனத்தின் எம்சி7455, எம்சி7430 ஆகிய இரு அட்டைகள் இதற்குத் தக்க சான்று. இரண்டும் குவால்காமின் எம்டிஎம்9230 சில்லில் அமைந்தவை. இரண்டும் எஸ்டபிள்யூஐ9எக்ஸ்30சி என்னும் ஒரே நிலைபொருள் குடும்பத்தைச் சார்ந்தவை. எனினும், வட அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய சந்தைகளுக்கான எம்சி7455 அட்டையில் பட்டை 40 இல்லை. ஆசிய பசிபிக் சந்தைக்கான எம்சி7430 அட்டையில் அது உண்டு.

இவ்வேறுபாடு இந்தியச் சூழலில் முக்கியமானது. 2010ஆம் ஆண்டு நடந்த அகலக்கற்றை ஏலத்தில் இன்ஃபோடெல் நிறுவனம் 22 வட்டங்களிலும் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைப் பெற்றது. அந்நிறுவனம் ரிலையன்ஸ் குழுமத்தின்கீழ் வந்து, 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவையாகத் தொடங்கப்பட்டது. அந்த 2300 மெகாஹெர்ட்ஸே பட்டை 40. இதனோடு 1800 மெகாஹெர்ட்ஸ் ஆகிய பட்டை 3, 850 மெகாஹெர்ட்ஸ் ஆகிய பட்டை 5 ஆகியவற்றையும் ஜியோ பயன்படுத்துகிறது. எம்சி7455 அட்டை பட்டை 3, பட்டை 5 ஆகியவற்றில் இணையும். பட்டை 40 வழங்கும் கூடுதல் கொள்ளளவை எத்தனை முறை புதுப்பித்தாலும் அதனால் பெற இயலாது. வெளிநாட்டு மடிக்கணினிகளிலிருந்து கழற்றப்பட்டுப் பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் அட்டைகளை வாங்குவோர் இதனை முதலில் நோக்க வேண்டும்.

குவெக்டெல் நிறுவனத்தின் ஈசி25 அட்டையிலும் இதே நிலை. வட அமெரிக்காவுக்கான ஈசி25-ஏ வகையில் நான்காம் தலைமுறைக்கென உள்ளவை 2, 4, 12 ஆகிய பட்டைகள் மட்டுமே. ஈசி25-ஈ வகையில் 1, 3, 5, 7, 8, 20, 38, 40, 41 ஆகிய பட்டைகள் உள்ளன. பெயரில் ஓரெழுத்தே வேறுபாடு. பயனில் வேறுபாடு பெரிது. ஆயினும் ஈசி25-ஈ வகையிலும் 700 மெகாஹெர்ட்ஸ் ஆகிய பட்டை 28 இல்லை. பிஎஸ்என்எல் தன் நான்காம் தலைமுறைச் சேவைக்கு 2100 மெகாஹெர்ட்ஸோடு 700 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துகிறது. தாழ்ந்த அலைவரிசை நெடுந்தொலைவு செல்லும். ஊர்ப்புறத்தில் அதன் பயன் மிகுதி. எனவே அட்டையைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்த நிறுவனத்தின் சிம் அட்டை பொருத்தப்படும் என்பதையும் முடிவு செய்தல் வேண்டும்.

புதுப்பித்தலின் தேவை

இவ்வரம்புகளுக்கு உட்பட்டும் புதுப்பித்தல் மூன்று காரணங்களால் தேவையாகிறது.

ஒன்று, பிழை நீக்கம். கோபுரம் மாறும்போது இணைப்பு அறுதல், நெடுநேரம் இயங்கியபின் அட்டை உறைந்துபோதல் போன்றவை நிலைபொருள் பிழைகளாக இருக்கலாம்.

இரண்டு, வலையமைப்பில் நிகழும் மாற்றம். ஏர்டெல் 2020ஆம் ஆண்டு தன் மூன்றாம் தலைமுறைச் சேவையை நிறுத்தியது. ஜியோவில் இரண்டாம், மூன்றாம் தலைமுறைச் சேவைகள் தொடக்கம் முதலே இல்லை. நான்காம் தலைமுறையில் இணைய இயலாதபோது பழைய தலைமுறைக்கு இறங்கிக் காத்திருக்கும் வகையில் எழுதப்பட்ட அமைவு, இத்தகைய சூழலில் அட்டையைப் பயனற்ற தேடலில் ஆழ்த்திவிடும்.

மூன்று, பாதுகாப்பு. சின்டெரியன் வகை மோடம்களில் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்து 2023இல் அறிவித்த குறைபாடுகளுள் ஒன்று சிவிஇ-2023-47610. குறுஞ்செய்தி ஒன்றை அனுப்பியே மோடத்துக்குள் அயல் நிரலை இயக்க அது இடமளித்தது. தேவையற்ற குறுஞ்செய்திச் சேவையை நிறுத்துதல், தனி அணுகுமுனையைப் பயன்படுத்துதல் ஆகியவற்றை ஆய்வாளர்கள் பரிந்துரைத்தனர். நீரேற்று நிலையம் போன்ற பொதுப்பயன் அமைப்புகளில் இத்தகைய குறைபாட்டின் விளைவு ஒரு கருவியோடு நிற்பதன்று.

புதுப்பிக்கும் முறை

புதுப்பித்தலின் முதற்படி, இருப்பதைப் பதிவு செய்தல். 1981ஆம் ஆண்டின் ஹேய்ஸ் மோடத்தோடு தோன்றிய 'ஏடி' கட்டளை மரபு இன்றைய அட்டைகளிலும் தொடர்கிறது. 'ஏடி+சிஜிஎம்எம்' என்னும் கட்டளை அட்டையின் வகையையும், 'ஏடி+சிஜிஎம்ஆர்' நிலைபொருள் பதிப்பையும், 'ஏடி+சிஜிஎஸ்என்' ஐஎம்இஐ எண்ணையும் தரும். இவற்றோடு அமைவுக் கோப்பின் பெயரையும் பதிப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, அட்டையின் துல்லிய வகைக்குரிய கோப்பைத் தேர்தல். லினக்ஸ் கணினிகளில் 'க்யூஎம்ஐ-ஃபர்ம்வேர்-அப்டேட்' என்னும் கட்டற்ற கருவி சியரா போன்ற அட்டைகளுக்குப் பயன்படுகிறது. 'எஃப்டபிள்யூஅப்டி' என்னும் பொதுக் கருவியும் சில மோடம்களைப் புதுப்பிக்கிறது. எழுதும் வேளையில் அட்டை தன் இயல்பான இயக்கத்தை விட்டுப் பதிவிறக்க நிலைக்குச் செல்கிறது. அப்போது மின்சாரம் தடைப்பட்டால் பாதி எழுதப்பட்ட நிலைபொருளோடு அட்டை நின்றுவிடும். மின்கலத் துணையின்றி இப்பணியைத் தொடங்குதல் தகாது.

நினைவகம் முழுவதையும் அழித்துவிட்டு எழுதும் முறையைத் தவிர்க்க வேண்டும். ஆலையில் அளந்து பதிக்கப்பட்ட வானொலி அளவுத்திருத்தத் தரவும் ஐஎம்இஐ எண்ணும் அந்நினைவகத்திலேயே உள்ளன. இழந்தால் மீட்பது அரிது. தொலைத்தொடர்புச் சட்டம், 2023இன்படி, தொலைத்தொடர்பு அடையாள எண்ணைத் திருத்துதல் 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். புதுப்பித்தலுக்கு முன்னும் பின்னும் ஐஎம்இஐ எண் ஒன்றாக இருப்பதைச் சரிபார்த்துப் பதிவு செய்வது இக்காரணத்தாலும் வேண்டப்படுகிறது.

தொலைவிலிருந்து வான்வழி புதுப்பிக்கும் வசதியும் பல அட்டைகளில் உண்டு. அதில் ஓர் இடர் பொதிந்துள்ளது. பழுதை நீக்கச் செல்லும் வழியும் பழுதாகக்கூடிய பொருளும் ஒன்றே. புதிய பதிப்பு இணைய மறுத்தால், அதைத் திருத்துவதற்கான கட்டளையும் போய்ச் சேராது. தோல்வியுற்றால் பழைய பதிப்புக்குத் தானே திரும்பும் ஏற்பாடு உள்ள கருவிகளில் மட்டுமே இம்முறையைக் கையாள்வது நன்று.

ஒப்பிடும் முறை

பதிப்பாய்வில் பழகியோர் அறிவர்: பிந்திய பதிப்பு என்பதாலேயே ஒன்று திருந்திய பதிப்பாகிவிடாது, எந்தச் சுவடியை எதனோடு ஒப்புநோக்கினோம் என்று குறிப்பிடாத பாடபேதம் பயன்தராது. நிலைபொருள் ஒப்பீட்டுக்கும் இவ்விரு நெறிகளும் பொருந்தும். 'புதிய பதிப்பில் வேகம் கூடியது' என்னும் கூற்று, அட்டை வகை, இரு பதிப்பு எண்கள், அமைவுக் கோப்பு, ஆண்டெனா, கோபுரத்தின் அடையாள எண், பட்டை, நேரம் ஆகியவை உடன் இல்லையெனில் சான்றாகாது.

மூன்று பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, சிக்னல் அளவை அப்படியே நம்புதல். நான்காம் தலைமுறையில் ஏற்புத்திறனைக் குறிக்கும் ஆர்எஸ்ஆர்பி அளவு −140 முதல் −44 டிபிஎம் வரையான எல்லையில் தெரிவிக்கப்படுகிறது. 3ஜிபிபி தரநிலை இயல்பான சூழலிலேயே இவ்வளவில் ±6 டெசிபெல் பிழையை அனுமதிக்கிறது. ஆகவே ஓர் அட்டை −101 என்றும் மற்றொன்று −98 என்றும் காட்டினால் இரண்டாவது சிறந்தது என முடிவு செய்ய இயலாது. ஒரே அட்டையில் பதிப்பு மாறியபின் எண் மாறினாலும், மாறியது ஏற்புத்திறனா அல்லது அதைக் கணக்கிடும் முறையா என்னும் ஐயம் எஞ்சும்.

இரண்டாவது, நேர வேறுபாட்டைக் கருதாமை. மாலையில் கோபுரத்தின் சுமை கூடும், விடியற்காலையில் குறையும். பழைய பதிப்பை மாலையிலும் புதியதை மறுநாள் காலையிலும் சோதித்தால் அளக்கப்படுவது கோபுரத்தின் சுமையே. பழையது, புதியது, புதியது, பழையது என்னும் வரிசையில், நாள்தோறும் ஒரே நேரங்களில், பல நாள் சோதிப்பது இப்பிழையைக் குறைக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகளை உள்ளே வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்ளும் வசதி எம்சி7455 போன்ற அட்டைகளில் இருப்பதால், ஒவ்வொரு முறையும் மீண்டும் எழுதாமலே இதனைச் செய்யலாம்.

மூன்றாவது, தவறான பண்பை அளத்தல். ஈசி25 அட்டை நான்காம் வகைப்பாட்டைச் சார்ந்தது. அதன் உச்ச இறக்க வேகம் நொடிக்கு 150 மெகாபிட். நீர்மட்ட அளவி அனுப்புவதோ ஒரு முறைக்குச் சில நூறு பைட்டுகள். இங்கு உச்ச வேகத்தை ஒப்பிடுவதால் பயனில்லை. இணைப்பு அறுந்தபின் மீள எத்தனை நொடியாகிறது, ஒரு வாரத்தில் எத்தனை முறை அறுகிறது, எத்தனை அளவீடுகள் வந்து சேரவில்லை, ஆள் தலையிடாமல் எத்தனை நாள் இயங்கியது என்னும் நான்கு எண்களே பொருட்படுத்தத்தக்கவை.

வட்டாரமும் பருவமும்

கடலூர் மாவட்டம் வடகிழக்குப் பருவமழையின் தாக்கத்தை நேரடியாக ஏற்கும் பகுதி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களின் பெருமழை மாவட்டத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெள்ளாற்றங்கரையில் ஒவ்வோர் அளவீடும் மதிப்புடையது. அக்காலத்தில்தான் மின்தடையும் மிகுதி. கருவி உள்ள இடத்திற்கு நேரில் செல்வதும் கடினம். பாதுகாப்புக் குறைபாடு போன்ற அவசரக் காரணமின்றி அம்மாதங்களில் நிலைபொருளைத் தொடாதிருத்தலே முறை.

பிப்ரவரி முதல் மே வரையான வறண்ட காலம் இப்பணிக்கு ஏற்றது. முதலில் ஆய்வகத்திலுள்ள ஓர் அட்டையிலும், பின்னர் எளிதில் சென்றடையத்தக்க ஒரு நிலையத்திலும் புதிய பதிப்பை நிறுவலாம். அங்குச் சில வாரம் நோக்கியபின் ஏனைய நிலையங்களுக்கு விரித்தால், மழைக்கு முன்பே குறைகள் வெளிப்பட்டுவிடும். பழைய பதிப்பின் கோப்பைப் பாதுகாத்து வைப்பதும் இத்திட்டத்தின் ஓர் உறுப்பாகும். நிறுவனங்கள் பழைய கோப்புகளை எப்போதும் பதிவிறக்கத்துக்கு வைத்திருப்பதில்லை.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பெறப்படுவன:

1. மோடம் அட்டையின் அலைவரிசைப் பட்டைகள் வன்பொருளால் வரையறுக்கப்படுகின்றன. நிலைபொருள் அவ்வரம்பைக் கடக்காது. எனவே அட்டைத் தேர்வு புதுப்பித்தலுக்கு முற்பட்டது.

2. அடிப்படை நிலைபொருளையும் அமைவுக் கோப்பையும் தனித்தனியே பதிவு செய்யாத ஒப்பீடு நம்பத்தக்கதன்று.

3. தொலை அளவீட்டில் வேகத்தைவிட இணைப்பின் நிலைப்பே அளவுகோலாக அமைய வேண்டும்.

4. புதுப்பித்தலுக்குரிய காலத்தை வட்டாரத்தின் பருவநிலையே தீர்மானிக்க வேண்டும். நிறுவனம் பதிப்பை வெளியிடும் நாள் அதைத் தீர்மானிக்கலாகாது.

நீரியல், வேளாண்மை, சுற்றுச்சூழல் ஆகிய துறைகளில் தானியங்கி நிலையங்களின் தரவைப் பயன்படுத்தும் ஆய்வாளர்கள், விடுபட்ட அளவீடுகளைக் காணும்போது அந்நாளில் நிலைபொருள் மாற்றம் நிகழ்ந்ததா என்று வினவ வேண்டும். அதற்கு விடை கிடைக்க வேண்டுமாயின், ஒவ்வொரு நிலையத்திலும் பதிப்பு எண்ணும் மாற்றிய நாளும் கொண்ட குறிப்பேடு ஒன்று பேணப்பட வேண்டும். கருவியைப் பேணும் களப்பணியாளர் புரிந்து எழுதத்தக்க வகையில் அக்குறிப்பேடு தமிழில் அமைவது, தரவின் நம்பகத்தன்மைக்குத் துணைபுரியும்.