முதலைச் சட்டையின் விலை

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகப் பட்டணத்திலிருந்து மகன் வீட்டுக்கு வருகிறான். கோலாலம்பூரில் அலுவலக வேலை. அவன் கொண்டுவந்த அழுக்குத் துணிகளை அம்மா குழாயடிக்கு எடுத்துப்போய், சவர்க்காரம் போட்டு, பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்குகிறார். "அம்மா, அந்தச் சட்டைய மட்டும் தேய்க்காதீங்க!" என்று கத்திக்கொண்டே பிள்ளை ஓடி வருகிறான். சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் சின்னதாக ஒரு முதலை. "என்னப்பா, பனியன் துணிதானே?" என்கிறார் அம்மா. விலையைக் கேட்டபோது மகன் பாதியைத்தான் சொன்னான். அந்தப் பாதியைக் கேட்டே அப்பா வாயடைத்துப்போனார்.

நம்மில் பல வீடுகளில் இது நடப்பதுதான். "கஷ்டப்பட்டுப் படிக்க வைத்தோம், ஊதாரியாகிவிட்டான்" என்று பெற்றோர் வருந்துகிறார்கள். "உங்களுக்குப் பட்டணம் தெரியாது" என்று பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆகவே யாரையும் குறைசொல்லுமுன், அந்த முதலை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

ரெனே லாகோஸ்த் என்பவர் பிரெஞ்சு நாட்டு டென்னிஸ் வீரர். விம்பிள்டன் பட்டத்தை 1925லும் 1928லும் வென்றவர். ஆட்டத்தில் வென்றால் முதலைத்தோல் பெட்டி வாங்கித் தருவதாக அணித்தலைவர் அவரிடம் பந்தயம் கட்டினார். அது அமெரிக்கப் பத்திரிகைகளுக்குத் தெரிந்துபோய், அவருக்கு 'முதலை' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. நண்பர் ஒருவர் முதலைப் படம் வரைந்து கொடுக்க, அதைத் தம் மேலங்கியில் தைத்துக்கொண்டார். அந்நாளில் டென்னிஸ் ஆடுபவர்கள் நீண்ட கைவைத்த விறைப்பான சட்டையைத்தான் அணிவார்கள். இவரோ காற்றுப் புகும் பின்னல் பருத்தித் துணியில் அரைக்கைச் சட்டை அணிந்து ஆடினார். 1933இல் பின்னலாடைத் தொழிலதிபர் அந்திரே ஜில்லியே என்பவருடன் சேர்ந்து அதே சட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதலை நெஞ்சின்மேல் ஏறியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு முன்பெல்லாம் தயாரிப்பாளரின் பெயர் பொதுவாகச் சட்டைக் கழுத்தின் உட்புறத்தில்தான் இருக்கும். உடுத்துகிறவருக்கும் துவைக்கிறவருக்கும் மட்டுமே அது தெரியும். அடையாளத்தை வெளியில், எதிரில் நிற்பவர் கண்ணில் படும்படி வைத்த முன்னோடிகளில் இந்தச் சட்டையும் ஒன்று. அன்றிலிருந்து சட்டை பேசத் தொடங்கிவிட்டது.

1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் வசதியான வீட்டு மாணவர்களும் இளம் அலுவலர்களும் இதைச் சீருடைபோல அணிந்தார்கள். பிறகு எல்லாக் கடையிலும் எல்லாருக்கும் கிடைக்கத் தொடங்கியதும் வசதியானவர்கள் கழற்றிவிட்டார்கள். அப்புறம் நிறுவனம் விற்கும் இடங்களைக் குறைத்து, விலையை உயர்த்தி, இழந்த மதிப்பை மீட்டது. சட்டையின் மதிப்பு ஏறியதும் இறங்கியதும் துணியால் மட்டுமல்ல. அதை யார் யார் உடுத்தினார்கள் என்பதாலும்தான்.

நம் பக்கத்திலும் ஒரு முதலை உண்டு. சிங்கப்பூரில் 1947இல் தொடங்கிய நிறுவனத்துடையது. பிரெஞ்சு முதலை, பார்ப்பவருக்கு வலப்பக்கம் நோக்கும். சிங்கப்பூர் முதலை இடப்பக்கம் நோக்கும். இரண்டும் பல நாடுகளில் வழக்காடி, 1983இல் ஆசிய நாடுகள் சிலவற்றுக்காக ஓர் உடன்பாடும் செய்துகொண்டன. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கு இத்தனை பணமும் வழக்குரைஞர்களும்! ஆனால் பட்டணத்து அலுவலகத்தில் அந்த வித்தியாசம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மகன் அஞ்சுவது அவர்கள் கண்ணுக்குத்தான்.

தோர்ஸ்டீன் வெப்லன் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1899இலேயே ஒரு நூலில் இதை விளக்கினார். சில பொருள்களை மக்கள் விலை அதிகம் என்று தெரிந்தும் வாங்கவில்லை, விலை அதிகம் என்பதற்காகவே வாங்குகிறார்கள் என்றார். செலவழிக்க முடிகிறது என்று பிறர் அறிவதே அங்கே வாங்கப்படும் சரக்கு.

இது நமக்குப் புதிய செய்தியா? பழைய தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். துரைக்கு வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியும், கங்காணிக்குக் கோட்டும் தலைப்பாகையும் கைத்தடியும் எதற்கு? வெயிலுக்குக் கோட்டு உதவுமா? தூரத்தில் வரும்போதே ஆள் இன்னார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. லயத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இன்னார் மகன், இன்னார் பேரன், கோயில் திருவிழாவில் இன்ன வேலை செய்தவன் என்று ஊரே சொல்லும். அங்கே ஒருவன் சட்டையால் யாரையும் ஏமாற்ற முடியாது. சட்டை இல்லாததால் மதிப்பிழக்கவும் மாட்டான்.

பட்டணத்தில் அவனை யாருக்கும் தெரியாது. காப்புறுதி விற்கப் போனாலும், வங்கியில் வாடிக்கையாளர் முன் உட்கார்ந்தாலும், எதிரில் இருப்பவர் ஒரு பார்வையில் எடைபோடுகிறார். உடன் வேலை செய்பவனின் அப்பா மருத்துவராக இருக்கலாம். அவன் கிழிந்த சட்டையும் ஜப்பான் சிலிப்பரும் போட்டு வந்தாலும் "எளிமையான பையன்" என்பார்கள். அதையே நம் பிள்ளை செய்தால் "எஸ்டேட்டிலிருந்து வந்தவன்" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்காமலிருக்க அவன் கட்டும் தொகைதான் அந்தச் சட்டை விலையில் பெரும்பங்கு. அதைப் புரிந்துகொள்ளாமல் ஊதாரி என்பது சரியில்லை என்பதே நம் கருத்து.

இனி, கணக்கையும் பார்க்க வேண்டும். சட்டை 400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 வேலைநாள் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. அந்தச் சட்டை, அப்பா ஆறு நாள் செம்பனைக் குலை அறுப்பதற்குச் சமம். மகனுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் பாதி விலையைச் சொன்னான்.

ரொக்கமாகக் கொடுத்து வாங்கியிருந்தால் அதோடு போயிற்று. கடன் அட்டையில் வாங்கியிருந்தால்தான் ஆபத்து. நம் நாட்டில் ஒழுங்காகக் கட்டாதவர்களுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி உண்டு. மாதந்தோறும் கட்டாயமாகக் கட்ட வேண்டியது பாக்கியில் 5 விழுக்காடுதான் என்பதால் கடன் இலேசாகத் தெரியும். 2,000 வெள்ளி பாக்கிக்கு 100 வெள்ளி கட்டினால், அதில் சுமார் 30 வெள்ளி வட்டிக்கே போகும். முதலில் குறைவது 70தான். அடுத்த மாதம் ஒரு காலணி வாங்கினால் அந்த 70உம் போச்சு. தோட்டத்து மளிகைக் கடையில் பற்று வரவு வைத்த நம் பெரியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கடைக்காரர் மேலே சரக்குக் கொடுக்க மாட்டேன் என்று ஒரு நாள் நிறுத்துவார். அட்டையோ, அதன் வரம்பு எட்டும்வரை வாய் திறக்காது.

ஆகவே பிள்ளையிடம் சட்டை ஏன் வாங்கினாய் என்று கேட்பதைவிட, அட்டை இருக்கிறதா, பாக்கி எவ்வளவு, மாதம் முழுவதையும் கட்டுகிறாயா என்று கேட்பது பயன் தரும். சத்தம் போடாமல் கேட்டால் உண்மையான விலையையும் சொல்வான். வேலைக்கு இரண்டு நல்ல சட்டை வேண்டும் என்றால் வேண்டியதுதான். முதலை இல்லாத சட்டையிலும் தையல் நெருக்கமாக, பொத்தான் துளை பிரியாமல், துணி கனமாக இருப்பவை கிடைக்கும். நன்றாக இஸ்திரி போட்டுச் சரியான அளவில் அணிந்தால் வாடிக்கையாளருக்கு அதுவே போதும்.

இன்னொன்று. அண்ணனைப் பார்த்து ஐந்தாம் படிவத்தில் படிக்கும் தம்பியும் முதலை கேட்பான். இரவுச் சந்தையில் 25 வெள்ளிக்கு ஒட்டிய முதலை கிடைக்கும். போலிச் சின்னத்தை விற்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, இரண்டு துவைப்பில் முதலையின் வால் பிரிந்து தொங்கும். பள்ளியில் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். முதலையே இல்லாத சட்டைக்கு யாரும் சிரிப்பதில்லை.