நடுவட்டத்துக் காற்றும் ஒரு சிறு காற்றாலையும்



மலைப்பகுதி மருத்துவப் பணியைத் தாங்கிவரும் நண்பர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கும் வழியில், நடுவட்டத்தில் காற்று ஆளையே தள்ளுகிறதே! அங்கே ஒரு சிறு காற்றாலையை நிறுத்தினால் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய கரண்டு கிடைத்துவிடாதா? சபையார் சேர்ந்து வாங்கித் தருகிறோமே" என்பார்கள். நல்ல மனதோடு கேட்கிறார்கள். காணிக்கைப் பணம் சம்பந்தப்பட்ட காரியமாகையால் பதிலும் கணக்கோடு இருக்க வேண்டும்.

நடுவட்டம் நீலகிரியின் மேற்கு விளிம்பில், ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர். 1860களில் இங்கே சிங்கோனா மரங்கள் நடப்பட்டன. மலைக்காய்ச்சலுக்கான கொய்னா மருந்து அதன் பட்டையிலிருந்துதான் எடுக்கப்பட்டது. அந்த வகையில் மருத்துவத்திற்கும் இவ்வூருக்கும் பழைய உறவு உண்டு. தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதுகிற இடமும் இதுவே. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மரம் விழுந்து மின்கம்பி அறுவதும், மண் சரிந்து பாதை அடைபடுவதும் இந்த மலைகளில் புதிதல்ல. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது நினைவிருக்கும். மருத்துவமனைக்குச் சொந்த மின்சாரம் தேவைப்படுவது அப்படிப்பட்ட இரவுகளில்தான்.

எவ்வளவு தேவைப்படும்? பத்துப் படுக்கைகள் உள்ள ஒரு சிறு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். மூச்சுத் திணறும் நோயாளிக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி சுமார் 350 வாட் இழுக்கும். இரவும் பகலும் ஓடினால் 8 யூனிட்டுக்கு மேல் ஆகிவிடும். தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்கும் குளிர்பெட்டிக்கு ஒன்று அல்லது இரண்டு யூனிட் வேண்டும். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் பத்து, ஆறு மணி நேரம் எரிந்தால் அரை யூனிட்தான். ஆகமொத்தம் நாளொன்றுக்குப் பத்து, பதினொரு யூனிட் இருந்தால் உயிர்காக்கும் காரியங்கள் நிற்காமல் நடக்கும். எக்ஸ்ரேயும், கருவிகளை நீராவியில் சுத்திகரிக்கும் பாத்திரமும் இந்தக் கணக்கில் சேரா. அவற்றை ஜெனரேட்டருக்கே விட்டுவிட வேண்டும்.

இனி காற்றின் கணக்கைப் பார்ப்போம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள சக்தி இரு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் காற்றின் சக்தியில் 59 சதவீதத்திற்கு மேல் எடுக்க முடியாது என்பது இயற்கை விதி. சிறு இயந்திரங்கள் கால் பங்கு எடுத்தாலே பெரிது. போதாக்குறைக்கு, மலை உயரத்தில் காற்றின் அடர்த்தியும் கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. இறக்கைச் சக்கரத்தின் விட்டம் மூன்று மீட்டர் உள்ள ஓர் இயந்திரத்தை, "ஒரு கிலோவாட்" என்று எழுதி விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கிலோவாட், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்றில் கிடைப்பது. வினாடிக்கு 4 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் இளங்காற்றில் அதே இயந்திரம் 60 வாட்டுக்கும் குறைவாகவே தரும். மாதச் சராசரி வேகம் 4 மீட்டரானால், இடையிடையே வரும் பலத்த காற்றையும் சேர்த்து நாளுக்கு இரண்டரை யூனிட் எதிர்பார்க்கலாம். சராசரி 6 மீட்டரானால் எட்டு யூனிட் வரை வரும். சராசரி 3 மீட்டர்தான் என்றால் ஒரு யூனிட் கிடைத்தாலே அதிகம்.

சாலை வளைவில் நின்று குடையைப் பறிகொடுத்தவர்கள் ஒரு கேள்வியை யோசிக்க வேண்டும். அந்தக் காற்று இரவு இரண்டு மணிக்கும் வீசுகிறதா? ஜனவரி உறைபனிக் காலத்தில் புல் அசையாத நாட்கள் எத்தனை? பலத்த ஒரு வீச்சு மனதில் நின்றுவிடுகிறது. மின்கலத்தை நிரப்புவதோ சராசரிக் காற்று.

இன்னொரு தடை மரங்கள். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும், சுற்றிலும் உள்ள யூகலிப்டஸும் காற்றைக் கலக்கி, சுழித்து அனுப்புகின்றன. சுழிக்காற்றில் இறக்கை திசை தேடித் திரும்பித் திரும்பித் தேயுமே தவிர மின்சாரம் தராது. சுற்றுவட்டம் 150 மீட்டருக்குள் இருக்கும் மிக உயர்ந்த பொருளைவிட, இறக்கையின் கீழ்முனை 9 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் சொல்லும் விதி. மரம் 20 மீட்டரானால் கோபுரம் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. கோபுரத்தின் செலவு இயந்திரத்தின் விலையை மிஞ்சிவிடும். மலைப்பகுதிக் கட்டட விதிகளின்படி அனுமதியும் கேட்க வேண்டியிருக்கும்.

"அப்படியானால் கூரைமேலேயே வைத்துவிடலாமே" என்பார்கள். இங்கிலாந்தில் 2007, 2008 ஆண்டுகளில் கட்டடங்களின்மேல் பொருத்திய 26 சிறு காற்றாலைகளை அளந்து பார்த்தார்கள். நிறுத்திவைக்கப்பட்டிருந்த நேரத்தையும் சேர்த்தால், அவை தம் முழுத் திறனில் சராசரியாக ஒரு சதவீதம்கூடத் தரவில்லை. நமக்கு அருகிலும் ஓர் உதாரணம் உண்டு. 2016ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் திருவனந்தபுரம் வெட்டுக்காடு தேவாலயத்தில், கேரளத்து இளைஞர்களின் நிறுவனம் ஒன்று தன் சிறு காற்றாலையை முன்னோட்டமாக நிறுவியது. ஐம்பதாயிரம் ரூபாய்க்குள், மின்விசிறி அளவு இயந்திரம், நாளுக்கு ஐந்து யூனிட் வரை என்று பத்திரிகைகள் எழுதின. அது கடற்கரைக் கோயில் என்பதைக் கவனியுங்கள். கடலிலிருந்து வரும் காற்றுக்கு முன்னே மரமுமில்லை, மேடுமில்லை. அங்கேயும்கூட, ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள எந்தச் சக்கரமும் ஐந்து யூனிட் தர வேண்டுமானால் நாள் முழுவதும் வினாடிக்கு 9 மீட்டர் வேகத்துக்குமேல் காற்று ஓயாமல் வீச வேண்டும்.

தமிழ்நாட்டில் காற்றாலை தோற்றுப்போன காரியமல்ல. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கியது, ஆரல்வாய்மொழிக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய் என்று பரவி, இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் அவை கணவாய்க் காற்றைப் பிடிக்கும் பெரிய இயந்திரங்கள். விட்டம் இரு மடங்கானால் காற்றைப் பிடிக்கும் பரப்பு நான்கு மடங்கு, உயரத்தில் காற்றும் வேகமானது. பெரியது மலிவாவதற்கும் சிறியது விலை கூடுவதற்கும் காரணம் இதுவே.

சிறு காற்றாலை பயன்பட்ட இடங்கள் வேறு மாதிரியானவை. 1930களில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஆயிரக்கணக்கில் சுழன்றன. மின்கம்பி வந்ததும் மறைந்தன. ஸ்காட்லாந்தில் சாலையில்லாத ஸ்கோரெய்க் தீபகற்பத்தில் ஹியூ பிகட் என்பவர், மரத்தில் செதுக்கிய இறக்கையும் காந்தமும் செம்புக்கம்பிச் சுருளும் கொண்டு கையாலேயே செய்யும் முறையை உலகுக்குக் கற்றுத்தந்தார். அதே முறையில் நம் ஆரோவில்லில் மின்வாயு என்ற குழுவினர் இயந்திரங்கள் செய்து பயிற்சியும் அளித்தார்கள். எல்லாம் ஆள் அருகிலிருந்து பழுது பார்க்கிற இடங்கள். கம்பியிழுப்பைச் சரிபார்க்க வேண்டும், மழைத்துளி அரித்த இறக்கை முனையைப் பூச வேண்டும், இடிதாங்கியை விடாமல் கவனிக்க வேண்டும். ஜூலை மழையில் கோபுரமேற மருத்துவமனை எலெக்ட்ரீஷியனை அனுப்ப எனக்கு மனம் வராது. கோபுரத்தைச் சாய்த்து இறக்கும் வகையும் உண்டு, அதற்குச் சமதரை வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், நடுவட்டத்தில் காற்றுக்கு ஆதரவாக ஒரு வலுவான காரணம் இருப்பதை மறைக்கக் கூடாது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மூடுபனியில் சூரியத்தகடு சோர்ந்துபோகும் வாரங்களில்தான் காற்று பலமாக இருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை காற்று ஓய்ந்தாலும் வெயில் தெளிவாயிருக்கிறது. இரண்டும் ஒரே மின்கலத்தை நிரப்பினால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். காற்றாலைக்கு இன்னொரு குணமும் உண்டு. மின்கலம் நிரம்பியதும் அதைச் சும்மா துண்டித்துவிடக் கூடாது, சுமையில்லாமல் அளவுமீறிச் சுழன்று உடையும். ஆகவே மிச்ச மின்சாரத்தை ஒரு வெப்பச்சுருளுக்கு அனுப்புவார்கள். குளிர்ந்த ஊரில் பிள்ளைபெற்ற தாய்க்கு அது வெந்நீராகும்.

ஆனால் அதே மழை வாரங்களில் மலை ஓடைகளும் பெருகி ஓடுகின்றன. வினாடிக்கு 5 லிட்டர் நீர் 30 மீட்டர் உயரத்திலிருந்து குழாயில் இறங்கினால், பாதி வீணானாலும் 700 வாட் கிடைக்கும். இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 17 யூனிட். நீலகிரிக்கு இது பழகிய வித்தை: காட்டேரி அருவியில் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காகவும், பின்னர் 1930களில் பைக்காராவிலும் நீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். வளாகத்திற்குள் ஓடையும் சரிவும் வாய்த்து, அனுமதியும் கிடைத்தால் என் முதல் தெரிவு அதுவே. அடுத்தது சூரியத்தகடும் நல்ல மின்கலமும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் தகட்டின் விலை வெகுவாக இறங்கிவிட்டது, சிறு காற்றாலையின் விலை அப்படி இறங்கவில்லை.

காற்றாலைதான் வாங்கித் தர வேண்டும் என்று விரும்பும் சபையார் முதலில் ஒரு காற்றுமானியும், அதை நிறுத்த ஓர் உயரமான கம்பமும் வாங்கித் தரலாம். செலவு சொற்பம். கோபுரம் வரவிருக்கிற இடத்திலேயே அதை நட்டு, ஓராண்டு முழுவதும் அளவைக் குறித்து வைக்க வேண்டும். சென்னையில் 1998 முதல் இயங்கும் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் இத்துறையில் ஆராய்ச்சியும் சோதனையும் செய்கிற அரசு அமைப்பு. அவர்களிடமும் யோசனை கேட்கலாம். அந்த ஏட்டில் மழை மாதங்களின் சராசரி 6 மீட்டரை எட்டியிருந்தால் விலைப்பட்டியல் கேட்டு எழுதுவோம். நான்கிலேயே நின்றிருந்தால் அந்தப் பணத்தில் ஆக்சிஜன் கருவிக்கு இரண்டாவது மின்கல வரிசை வாங்குவோம்.